கல்யாணச் செலவைக் குறைத்தவர்களின் கதை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக்கு வாங்கிய கடன் தீரும்போது வீடாவது மிஞ்சும். கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் மிஞ்சுவது ஆல்பம்தான்.

நம் பக்கத்தில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்ததில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் டேனரி வேலை. குடியாத்தம் பக்கம் பீடி, தீப்பெட்டி, கைத்தறி. கூலிக்காரர் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் போய் நிற்கிற இடம் முதலாளியின் கணக்குப்பிள்ளை. ‘முன்பணம்’ என்று வாங்குவார்கள். அந்தப் பணம் கழியும்வரை அந்த ஆள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. பீடித் தொழிலில் அதற்கும் மேலே போய், அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்காகத் தம்பியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பீடி முனை மடக்க உட்கார வைத்த குடும்பங்கள் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் இது வெகுகாலம் நீடித்தது. ஆகவே கல்யாணச் செலவைக் குறைப்பது எப்படி என்பது சிக்கனக் குறிப்பு மட்டுமல்ல. பலருக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

இந்தச் செலவைக் குறைக்க நினைத்தவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் சட்டம் போட்டுப் பார்த்தவர்கள். சிறு வயதில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்ததால் எங்களுக்கு ரோமாபுரி சரித்திரத்தைத்தான் அதிகம் ஊட்டினார்கள். அங்கே கி.மு. 182இல் ஓர்க்கியா சட்டம் என்று ஒன்று: விருந்துக்கு இத்தனை பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. கி.மு. 161இல் ஃபான்னியா சட்டம்: சாதாரண நாளில் விருந்துச் செலவு 10 செப்புக் காசு, குறிப்பிட்ட பண்டிகை நாட்களில் 100 காசு, அவ்வளவுதான். பலித்ததா? இல்லை. அதற்குப் பிறகும் ஒன்றன்பின் ஒன்றாக இதே மாதிரி சட்டங்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப சுற்றறிக்கை வந்தால் முந்தையதை யாரும் மதிக்கவில்லை என்று அர்த்தம். ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1792இல், புரட்சிக் காலத்தில், கல்யாணம் என்பது நகராட்சிப் பதிவேட்டில் எழுதும் காரியம் என்று ஆக்கினார்கள். விருந்து வைப்பதும் வைக்காததும் உங்கள் பாடு. கல்யாணம் செல்லுபடியாக அது தேவையில்லை. பாண்டிச்சேரியிலும் ‘எத்தா சிவில்’ பதிவு என்ற பேச்சு இன்றுவரை உண்டு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இவ்வளவுக்கு மேல் செலவு செய்யாதே என்று சொல்வது ஒன்று. செலவே செய்யாவிட்டாலும் உன் கல்யாணம் கல்யாணம்தான் என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதுதான் ஏழைக்கு உதவும்.

நம் தமிழ்நாட்டில் அதைச் செய்ய முனைந்தது சுயமரியாதை இயக்கம். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, நாள்கணக்கில் சடங்கு இல்லை. அந்தக் காலக் கல்யாணம் மூன்று நாள், ஐந்து நாள் என்று நீளும். வேளைக்கு வேளை பந்தி. அதை ஒரே நாளாக, சில மணி நேரமாகச் சுருக்கினார்கள். வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்தவர்களும் உண்டு. சாதி மறுப்பு, பெண்ணுக்குச் சம உரிமை என்பவை கொள்கை. பணம் மிச்சமாவது கூடவே வந்த பலன்.

இதில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இன்னொன்று. கல்யாணத்தை அவர்கள் ஒரு பொதுக்கூட்டமாக மாற்றினார்கள். தலைவர் வருவார், பேசுவார், ஊரே உட்கார்ந்து கேட்கும். மேளமும் பந்தியும் குறைந்த வீட்டுக்கு அதனால் ஒரு கௌரவம் கிடைத்தது. ‘பணம் இல்லாமல் சின்னதாகச் செய்துவிட்டான்’ என்று யாரும் சொல்ல முடியாது. ‘கொள்கைக்காகச் செய்தான்’ என்றுதான் சொல்ல வேண்டும். சிக்கனம் செய்கிறவனுக்கு மானம் போகாமல் பார்த்துக்கொண்டது அவர்களுடைய பெரிய கெட்டிக்காரத்தனம்.

ஆனால் சட்டம் கைகொடுக்கவில்லை. புரோகிதர் இல்லாத, ஓமம் வளர்க்காத கல்யாணத்தை இந்துச் சட்டம் ஏற்கவில்லை. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இதன் பாரம் யார் தலையில் விழுந்தது? பெண் தலையிலும் பிள்ளைகள் தலையிலும். சொத்து வழக்கு என்று வந்தால் அவள் மனைவி இல்லை, பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. சிக்கனமாகக் கல்யாணம் செய்த குடும்பம் கடைசியில் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது.

இங்கே நம் வேலூருக்கு ஒரு தொடர்பு உண்டு. மணியம்மையார் வேலூரில் பிறந்தவர், 1920ஆம் ஆண்டு. அவருக்கும் பெரியாருக்கும் 1949 ஜூலை 9ஆம் தேதி நடந்தது பதிவுத் திருமணம். அதையொட்டி எழுந்த பிளவில்தான் அந்த வருஷம் செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. அரசியலை விடுங்கள். ஊருக்கெல்லாம் சுயமரியாதைத் திருமணம் செய்து வைத்தவரே தமது வாரிசு ஏற்பாட்டுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் கையெழுத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் அண்ணா. முதலமைச்சர் ஆன அதே 1967ஆம் ஆண்டில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறியது. 1968 ஜனவரி 20 முதல் அது அமலுக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். கோப்பு எழுதிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பிரிவின் உயிர் அதிலுள்ள ‘அல்லது’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ‘மற்றும்’ என்று எழுதியிருந்தால் மூன்றும் கட்டாயம் ஆகியிருக்கும். தாலிக்குத் தங்கம் வாங்காமல் கல்யாணம் இல்லை என்று ஆகியிருக்கும். அதோடு, அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று சட்டம் சொன்னது. 1928இலிருந்து கல்யாணம் செய்துகொண்ட எத்தனையோ பெண்கள் சட்டப்படி மனைவியானார்கள். 2001இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவின்படி நடந்த கல்யாணம் செல்லும் என்று உறுதி செய்தது.

சரி, சட்டமும் வந்துவிட்டது. ரெண்டு மாலை போதும். அப்படியானால் கல்யாணச் செலவு குறைந்திருக்க வேண்டுமே? குறையவில்லை. சடங்கில் மிச்சம் பிடித்ததை மண்டபமும் சாப்பாடும் போட்டோவும் விழுங்கிவிட்டன. புரோகிதர் இல்லாத கல்யாணங்களிலும் ஆயிரம் பேர் பந்தி நடக்கிறது. ஊர் எல்லையிலிருந்து பிளக்ஸ் பேனர் நிற்கிறது.

இதற்குக் காரணம் வெறும் ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. மொய் நோட்டுதான் காரணம். மொய் என்பது பரிசு மாதிரி தோன்றும். உண்மையில் அது வட்டியில்லாக் கடன். முப்பது வருஷமாக 51, 101, 501 என்று ஊரெல்லாம் எழுதியவர், தன் வீட்டு விசேஷத்தில்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். பேர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் இருக்கிறது. அவர் பத்துப் பேரோடு கோயிலில் கல்யாணத்தை முடித்தால் எழுதிய பணம் போனது போனதுதான். கொடுக்க வேண்டியவர்களும் ‘எங்களைக் கூப்பிடவில்லையே’ என்று கோபித்துக்கொள்வார்கள். ஆக, தனி ஒரு வீடு மட்டும் சிக்கனம் செய்தால் அந்த வீட்டுக்கு நஷ்டம். ஊரோடு சேர்ந்து செய்தால்தான் லாபம். ரோமாபுரிக்காரர்கள் கோட்டைவிட்டதும் சுயமரியாதைக்காரர்கள் கொஞ்ச காலமாவது பிடித்ததும் இந்த இடத்தைத்தான்.

நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் வீட்டு விசேஷங்களில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் பார்க்கலாம். நிக்காஹ் பள்ளிவாசலில் வைத்தால் மண்டப வாடகை இல்லை. சாட்சிகள், மஹர், பதிவேட்டில் கையெழுத்து, வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழம், அவ்வளவோடு முடித்துக்கொள்ளலாம். ஜமாஅத்தே அப்படி வைக்கச் சொன்னால் யாருக்கும் கூச்சமில்லை. விருந்தென்றால் பிரியாணி. ஆம்பூர் பிரியாணியின் ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. சீரகச் சம்பாவும் கறியும் ஒரே தேக்சாவில். கூடவே கத்தரிக்காய்க் குழம்பு, தயிர்ப் பச்சடி. இருபது வகை வைக்கிற இலையில் பாதி இலையோடு எறியப்படுகிறது. இங்கே எறிய ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கும் மண்டபமும் சீரும் பெருகிவிட்டதால்தான் 2021இல் அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் எளிய நிக்காஹ் என்று ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

அரசாங்கம் செய்ததையும் சொல்ல வேண்டும். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய சுயமரியாதை இயக்கப் பெண்மணி அவர். முதலில் 5,000 ரூபாய், பெண் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பணத்தைவிட அந்த நிபந்தனைதான் பெரிய காரியம் செய்தது. ‘ரெண்டு வருஷம் பொறுத்து எட்டாவது முடிக்கட்டும்’ என்று பெண்ணைப் பள்ளியில் விட்டு வைக்க ஒரு காரணம் கிடைத்தது. 2011இல் 25,000 ரூபாய், பட்டம் அல்லது டிப்ளமோ படித்திருந்தால் 50,000, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம் என்று ஆனது; 2016இல் அது 8 கிராம். 2022 செப்டம்பரில் திட்டமே மாறிவிட்டது. இப்போது ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணம் படிப்புக்குப் போனது. இதை ஆதரிப்பவர்களும் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஆதரிக்கிற கட்சி.

பேரன் பேத்தி கல்யாணத்தை எதிர்நோக்கியிருக்கும் நண்பர்களுக்கு என் கணக்கு இதுதான். இலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 பேர், முந்தைய நாள் இரவு, காலை, மதியம் என்று மூன்று வேளை: 4,80,000 ரூபாய். அதே 800 பேருக்கு ஒரே வேளை: 1,60,000. யாரையும் விடவில்லை, மொய்யும் போகவில்லை, 3,20,000 மிச்சம். பத்திரிகை அட்டையிலோ தாம்பூலப் பையிலோ ஐந்து பத்து குறைப்பதால் வருகிற மிச்சம் இதற்கு முன் ஒன்றுமேயில்லை. கூட்டமான முகூர்த்த நாளை விட்டு வேறு நாள் பார்த்தால் மண்டபக்காரரிடம் பேரம் பேசவும் இடம் உண்டு. வள்ளிமலை, ரத்தினகிரி என்று நம் பக்கத்திலேயே கோயில்கள் இருக்கின்றன. வள்ளியும் முருகனும் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தவர்கள் இல்லை. வசதியில்லாத ஜோடிகளுக்கு 2022 முதல் அறநிலையத் துறையே தங்கத் தாலியோடு கோயிலில் கல்யாணம் செய்து வைக்கிறது. எப்படிச் செய்தாலும் பதிவை மறக்காதீர்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம், 90 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. நம் வயசில் இருப்பவர்களுக்குத்தான் இதில் அதிகப் பொறுப்பு. சின்னவர்கள் ‘ஒரு வேளை விருந்து போதும்’ என்றால் ‘ஊர் என்ன சொல்லும்’ என்று கேட்பது பெரும்பாலும் நாம்தான். அந்த ஊரில் நாமும் ஓர் ஆள். ஒரு தெருவில், ஒரு பங்காளி வகையில், பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ‘இனி நம் வீடுகளில் ஒரு நாள், ஒரு வேளை’ என்று பேசி முடித்தால், கடன் வாங்க வேண்டியவர் யாரோ ஒருவர் தப்பித்துக்கொள்வார். அவர் நம்மிடம் வந்து நன்றி சொல்ல மாட்டார், ஏனென்றால் எதிலிருந்து தப்பினோம் என்று அவருக்கே தெரியாது. பரவாயில்லை.