ஈரச் சாலையும் இரப்பர்ச் சக்கரமும்

ஜூன் மாதத்தில் மும்பையில் முதல் மழை விழும் நாளன்று சாலையைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். வெள்ளம் பெருக்கெடுத்து ஓடும் நாளைக் காட்டிலும், நெடுநாள் வெயிலுக்குப் பின் சிறு தூறல் விழுந்த அந்த முதல் அரைமணி நேரத்திலேதான் வண்டிகள் மிக எளிதில் வழுக்குகின்றன. மாதக் கணக்கில் படிந்து கிடந்த எண்ணெய்க் கசிவும் புழுதியும் இரப்பர்த் துகளும் நீரோடு குழைந்து, சாலையின்மேல் மெழுகியது போலப் பரவிவிடுகின்றன. ஊரிலே நமக்குப் பழக்கமான அடைமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது. மாதுங்காவிலும் சயானிலும் வந்து குடியமர்ந்த நமக்கோ, ஆனி பிறக்கும் தறுவாயிலேயே மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. கொல்கத்தாவிலும் ஏறத்தாழ அப்படியே. டில்லிக்குச் சற்றுத் தாமதமாக வரும்.

காய்ந்த சாலையில் நல்ல டயரும் மட்டமான டயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. மழை பெய்த பின்னரே அவற்றின் குலம் தெரிகிறது. இந்த வேறுபாடு எதனால் உண்டாகிறது என்பதை மனிதர் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு பாதியை முதலில் கண்டார்கள். தெரியாத மறுபாதியைக் காண மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. மலிவான டயரை வாங்குகிறவர் இன்றும் அந்த முதற்பாதியை மட்டும் பார்த்தே வாங்குகிறார்.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் உரிமைப் பட்டயம் பெற்றவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காத்லாந்துக்காரர். ஆண்டு 1845, அவருக்கு வயது 23. இரப்பர் பூசிய கித்தான் குழாய்க்குமேல் தோலுறை போட்டுக் குதிரை வண்டிக்கு மாட்டினார். உலகம் அதை மறந்தே போயிற்று. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாயிட் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டிக்காக 1888-இல் அதை மீண்டும் கண்டுபிடித்தார். இவ்விருவரும் நாடியது குலுங்காத பயணம். சாலையைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் என்ற எண்ணமே அப்போது எழவில்லை. ஆகையால் முதல் டயர்கள் எல்லாம் மேற்பரப்பில் ஒரு கீறலும் இன்றி வழுவழுப்பாகவே இருந்தன.

மோட்டார் வண்டி வந்து வேகம் கூடியதும் தொல்லை தொடங்கியது. அன்றைய இலண்டன் தெருக்கள் பலவற்றில் மரக்கட்டைகளைப் பதித்துத் தளம் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான குதிரைகளின் சாணமும் மழைநீரும் அதன்மேல் கலந்தால் எத்தகைய பரப்பு உண்டாகும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் சறுக்குவதே ஓட்டுநர்களின் ஓயாத அச்சமாயிற்று. டயரின்மேல் தோற்பட்டை போர்த்தி அதில் எஃகுக் குமிழ்களை அறைந்து பார்த்தார்கள். பிரான்சின் மிச்சிலின் நிறுவனம் 1905-இல் அத்தகைய டயரை விற்றது. ஜெர்மனியின் காண்டினென்டல் நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டிலேயே இரப்பரிலேயே வரிப்பள்ளம் வார்த்த கார் டயரைச் செய்துவிட்டது. அமெரிக்காவில் பயர்ஸ்டோன் 1908-இல் செய்தது வேடிக்கையானது. 'பயர்ஸ்டோன்', 'வழுக்காதது' என்னும் பொருளுடைய ஆங்கில எழுத்துக்களையே டயர்மேல் புடைப்பாக வார்த்தார்கள். எழுத்துக்களின் விளிம்புகள் சேற்றைக் கடித்தன. வண்டி போன வழியெல்லாம் விளம்பரமும் அச்சாயிற்று.

நம் ஓட்டுநர்கள் 'பட்டன்' என்று வழங்கும் வரிப்பள்ளங்கள் இவ்வாறு பிறந்தன. அவற்றின் வேலை நீரை வெளியேற்றுவது. கார் டயர் ஒன்று சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அகலமே. அதன் நீளம் 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் இரப்பரின் ஒரு புள்ளி தரையோடு உறவாடும் காலம் ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டால் அவற்றுள் 6 கூறு. அதற்குள் மூன்று செயல்கள் நடந்தாக வேண்டும். முன்பகுதி நீரைப் பிதுக்கித் தள்ள வேண்டும்; நடுப்பகுதி எஞ்சிய மெல்லிய படலத்தைக் கிழிக்க வேண்டும்; பின்பகுதி மட்டுமே சாலைக் கற்களை உண்மையாகத் தொடும். வேகம் கூடக்கூட முதல் பகுதி நீண்டு, மூன்றாவது பகுதி சுருங்கிப் போகிறது. முற்றிலும் சுருங்கிவிட்டால் வண்டி தண்ணீரின்மேல் மிதக்கிறது. சுக்கானைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை.

இந்த மிதத்தலை ஒழுங்காக அளந்தவர்கள் விமானத் துறையினர். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையமான நாசாவில், வால்டர் ஹார்னும் அவருடைய துணைவரும் 1963-இல் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் புகழ்பெற்றது. நீர் வரிப்பள்ளத்தைவிட ஆழமாகத் தேங்கி நிற்கும்போது, டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதை அதிலுள்ள காற்றழுத்தமே பெரும்பாலும் முடிவு செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அவர்கள் தந்த கணக்கின்படி 30 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 91 கிலோமீட்டரில் மிதக்கும். காற்று 20 பவுண்டாகக் குறைந்தால் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். இக்கணக்கு விமானச் சக்கரங்களைக் கொண்டு உருவானது. கார்களுக்கு அப்படியே பொருந்தாவிடினும், காற்றுக் குறைந்த டயர் மழையில் எத்துணைத் தீங்கு என்பதை உணர்த்தப் போதுமானது.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிந்த பாதி. ஆழமான வரிகள், சரியான காற்று. இவ்விரண்டும் இருந்தும் ஒரு டயர் ஈரத்தில் வழுக்குகிறது, மற்றொன்று நிற்கிறது. ஏன்?

விடை 1950-களில் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டேபரும் கிரீன்வுட்டும், வழவழப்பான நீர்மம் தடவிய இரப்பர்மேல் கடினமான குண்டுகளையும் கூம்புகளையும் நகர்த்தி இழுவையை அளந்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் பார்பரா சேபி என்ற அம்மையார், சாலைக் கற்களுக்குப் பதிலாக அத்தகைய வடிவங்களையே நனைந்த இரப்பர்மேல் செலுத்திப் பார்த்தார். இருசாராருடைய முடிவுகளும் 1958-இல் வெளிவந்தன. கேட்பதற்கு எளியவை, ஆனால் டயர்த் தொழிலையே திருப்பிவிட்டவை.

இரண்டு இரப்பர்ப் பந்துகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று தரையில் போட்டால் துள்ளி எழுகிறது. மற்றொன்று மந்தமாகக் கிடக்கிறது. துள்ளும் பந்து தன்னை அமுக்கிய ஆற்றலைத் திருப்பித் தருகிறது. மந்தமான பந்து அதை வெப்பமாக விழுங்கிவிடுகிறது. இப்போது ஈரச் சாலையை நினைப்போம். நீர்ப்படலம் இடையே நிற்பதால் இரப்பர் கல்லோடு ஒட்ட முடியவில்லை. ஆயினும் கல்லின் முனை இரப்பரைக் குத்திக் குழியாக்குகிறது. துள்ளும் இரப்பர், கல்லின் முன்பக்கத்தை அழுத்துவது போலவே பின்பக்கத்தையும் உடனே நிரம்பி வந்து அழுத்தும். ஒன்றுக்கொன்று சரியாகி, இழுவை எதுவும் எஞ்சாது. மந்தமான இரப்பரோ பின்பக்கத்தை நிரப்பத் தாமதிக்கும். முன்பக்க அழுத்தம் மட்டுமே மிஞ்சி வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஈரத்தில் நம்மைக் காப்பது இரப்பரின் சோம்பல்தான் என்று சொன்னாலும் பொருந்தும்.

இதில் ஒரு முரண்பாடு இருந்தது. சோம்பலான இரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும்போதும் ஆற்றலை விழுங்கும். டயர் சூடாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் பெரும்பாலும் மிகுதியே. ஆகவே மழையில் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம், நீண்ட ஆயுள் ஆகிய மூன்றில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் விட்டுக்கொடுக்கப்பட்டது எது என்பதில் ஐயமில்லை. மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை 1936-இல் ஏற்பட்டது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். நிறுவனம், 1952-இல் புகுந்த தொழில் டயர் அன்று. தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டும் இரப்பர். கரடுமுரடான சாலையும் அளவுக்கு மீறிய பாரமும் உள்ள நாட்டில் 'எத்தனை ஆயிரம் மைல் ஓடும்?' என்பதே டயர் வாங்குவோரின் முதற்கேள்வி. பல வேளைகளில் அதுவே கடைசிக் கேள்வியும்கூட. மேலொட்டு டயரை நாம் இழிவாகக் கருத வேண்டியதில்லை. விமானங்களே அவற்றில் இறங்குகின்றன. ஆனால் மொட்டை டயரைச் சாலையோரத்தில் வைத்து, சூடேற்றிய கத்தியால் புதிதாக வரி கீறித் தரும் வழக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. பார்வைக்குப் பட்டன் திரும்பிவிடுகிறது. அடியில் இரப்பரோ முன்னிலும் மெலிந்துவிடுகிறது.

முரண்பாட்டை ஓரளவு தீர்த்தது 1992-இல் மிச்சிலின் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு டயர். 1910-கள் தொட்டு டயரைக் கறுப்பாக்கி உறுதி தந்த கரித்தூளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, மணலுக்கு உறவான சிலிக்காவைச் சேர்த்தார்கள். சக்கரம் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை சுழல்வதால் உண்டாகும் மெதுவான வளைவுக்கு இந்த இரப்பர் துள்ளலாக விடையளிக்கிறது. சாலைக் கற்கள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாகக் குத்துவதற்கோ மந்தமாக விடையளிக்கிறது. ஒரே பொருளில் இரண்டு குணங்கள்! ஆனால் சிலிக்கா இரப்பரோடு எளிதில் இணங்காது. இணைப்பதற்குத் தனி இரசாயனம் வேண்டும். பலமுறை, வெப்பம் தவறாமல், பிசைய வேண்டும். இவையெல்லாம் செலவு.

மலிவான டயர் பெரும்பாலும் மிச்சம் பிடிப்பது இவ்விடத்திலேதான். வரிப்பள்ளத்தின் உருவத்தை அச்சில் வார்த்துவிடலாம். உயர்ந்த டயரின் கோலத்தையே ஒத்ததாகவும் செய்யலாம். கலவையைக் கடையில் எவரும் தொட்டறிய முடியாது. ஐரோப்பிய மோட்டார்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனைகளில், விலை குறைந்தவற்றுள் பல, காய்ந்த சாலையில் ஓரளவு ஈடுகொடுத்து ஈரச் சாலையில் பின்தங்குவது திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. எல்லாம் அப்படியல்ல, நடுத்தர விலையில் நல்லவையும் உண்டு. விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் கார், உராய்வெண் 0.5 ஆனால் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 28 மீட்டரில் நிற்கும், 0.4 ஆனால் 35 மீட்டர் வேண்டும். இந்த 7 மீட்டர் சாலையைக் கடக்கும் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கண்ணுக்குத் தெரியாத பாதியை எழுத்தில் காட்டும் முயற்சி மிக அண்மையது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பர் முதல், ஈரத்தில் டயர் எவ்வளவு பிடிக்கும் என்பதை எழுத்துத் தரமாகக் குறித்து விற்கச் சட்டமிட்டது. நனைத்த தளத்தில், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20-க்கு வேகம் குறையும் பிரேக் பிடிப்பை அளந்து, மாதிரி டயர் ஒன்றோடு ஒப்பிடுவது சோதனை முறைகளுள் ஒன்று. முதல் தர டயருக்கும் அன்றைய கடைசித் தர டயருக்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கும் தூரம் ஏறத்தாழ 18 மீட்டர் வேறுபடும் என்றார்கள். நான்கு கார்களை வரிசையாக நிறுத்தும் நீளம் அது. இந்திய அரசு 2022 ஜூனில் வெளியிட்ட அறிவிப்பு, டயர்களுக்கு ஈரப் பிடிப்பு உட்பட மூன்று தேவைகளை விதித்தது. புதிய வடிவங்களுக்கு அவ்வாண்டு அக்டோபரிலிருந்தும், பழைய வடிவங்களுக்கு 2023-இலிருந்தும். அது கீழெல்லை, அந்த எல்லைக்கு மேலே ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை அது கூறுவதில்லை.

வரிப்பள்ளம் கார்களுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் மோட்டார் வாகன விதி. ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியதுமே தேங்கிய நீரில் பிடிப்பு விரைந்து குறைகிறது. ஆகவே சட்டம் அனுமதிக்கும் நாள்வரை காத்திராமல் மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நலம். டயரின் பக்கச் சுவரில் பொறித்த நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களையும் நாம் படிக்கலாம். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயர் பல ஆண்டுகள் கிடங்கில் உறங்கி, வரிகள் புத்தம்புதிதாக இருக்க, இரப்பர் மட்டும் இறுகிப் போனதாக இருக்கக் கூடும்.