மணி அடித்த பின்னர்



கண்டியிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில் நாவலப்பிட்டி ஒரு திருப்புமுனை. 1874ஆம் ஆண்டிலே இவ்வூர்வரை தண்டவாளம் வந்தது. அதன் பின் ஹட்டனை எட்டுவதற்குச் சுமார் பத்தாண்டுகள் பிடித்தன. அவ்வளவு காலமும் நாவலப்பிட்டியே பாதையின் முடிவிடமாக இருந்தது. இதற்கப்பால் மலை செங்குத்தாக உயர்வதால், நிலக்கரி இயந்திரங்களின் காலத்தில் மேலே செல்லும் வண்டிக்கு இங்கேதான் துணை இயந்திரம் ஒன்று பூட்டப்பட்டது.

இவ்வூர்ப் பாடசாலைகளைப் பற்றிப் பேச வந்தவன் புகையிரதத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். காரணம் உண்டு. மாணவர் மன்றங்களின் வரலாறு எனப்படுவது, பாடசாலை மணி அடித்த பின்னர் எவனால் அங்கே தங்க முடிந்தது என்பதன் வரலாறே. கதிரேசன் கல்லூரி, புனித மரியாள் கல்லூரி முதலிய கலாசாலைகளைக் கொண்ட இந்த நகரில் வீடுள்ள பிள்ளை மாலை ஐந்து மணிவரை தங்கலாம். இங்குருஓயாவிலிருந்தோ கலபொடையிலிருந்தோ வரும் பிள்ளைக்குப் புகையிரத நேரம் ஒரு கட்டளை. தோட்டத்து லயத்திலிருந்து நடந்து வரும் பிள்ளைக்கோ, மலைப்பாதையில் இருள் கவிவதற்கு முன் வீடு சேர வேண்டும்.

பாடத்துக்குப் புறம்பான மாணவர் இயக்கங்கள் இலங்கையில் வேரூன்றிய இடங்களுள் கண்டிச் சீமை முதன்மையானது. பேடன் பவல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவிலே சிறுவர் பாசறை அமைத்தது 1907இல். ஐந்தே ஆண்டுகளில், 1912இல், மாத்தளையில் கிறிஸ்து தேவாலயத்தைச் சார்ந்த பாடசாலையில் பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் இந்நாட்டின் முதற் சாரணர் படையைத் தொடங்கிவிட்டார். பெண்பிள்ளைகளும் பின்தங்கவில்லை. 1917இல் கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் முதலாவது சாரணியர் படை அமைந்தது. பெண் கல்வியே பலருக்குப் பிடிக்காதிருந்த காலத்தில், சீருடை தரித்த சிறுமியர் கயிற்று முடிச்சும் முதலுதவியும் பயின்றது சிறிய செய்தியன்று.

கண்டித் திரித்துவக் கல்லூரிக்கு 1904இல் அதிபராக வந்த பிரேசர் என்னும் பாதிரியார் வேறொரு வழியைக் காட்டினார். ஆங்கிலமே அனைத்துமாக இருந்த அந்நாளில் மாணவர் தத்தம் தாய்மொழியைக் கற்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். அவர் காலத்து மாணவர் சமூக சேவைச் சங்கம் அமைத்து, கண்டி நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்று பணி செய்தனர். பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் படித்த கல்லூரி அது என்பதை நினைத்தால் இச்செயலின் பெருமை விளங்கும்.

ஆயினும் தமிழ்ப் பாடசாலைகளின் உயிர்நாடி சாரணர் படையன்று, இலக்கிய மன்றமே. அதன் முறையை நேயர்களிற் பலர் அறிவீர்கள். முதலில் தேவாரம் அல்லது தமிழ் வாழ்த்து. பின்னர்க் காரியதரிசி எழுந்து சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பார். அதில் பிழையுண்டா என்று தலைவர் கேட்பார். பிழை காண்பதற்கென்றே வந்தமர்ந்த ஒருவன் எப்போதும் கடைசி வாங்கில் இருப்பான்! ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை நிறைவேறும். அதன் பிறகே பேச்சும் பாட்டும் விவாதமும். 'சிறந்தது கிராம வாழ்வா, நகர வாழ்வா' என்ற விவாதத்துக்கு எத்தனை தலைமுறைகளாகியும் தீர்ப்புக் கிடைக்கவில்லை. அச்சுக்குப் பணமில்லாத மன்றங்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தின. ஒரே பிரதி, அதை வாசிக்க வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்கும்.

இதனை வெறும் பிள்ளை விளையாட்டென்று கருதுவோர்க்கு யாழ்ப்பாணத்தை நினைவூட்டலாம். ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரசின் அழைப்பும் 1927இல் காந்தியடிகள் இலங்கைக்கு வருவதற்குக் காரணமாயிற்று. பின்னர் வாலிபர் காங்கிரசென அறியப்பட்ட அவ்வமைப்பே 1931இன் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரிக்க முன்னின்றது. அந்தப் பகிஷ்கரிப்பு விவேகமானதா என்பது வேறு கேள்வி. நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்யும் ஆற்றல் மாணவர் கூட்டமொன்றுக்கு இருந்தது என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

மலைநாட்டின் கதை வேறு. தோட்டச் சிறுவர்க்குக் கல்வி வசதி அளிப்பது தோட்டத்தாரின் கடமையென்று 1920ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது உண்மையே. அவ்வாறு எழுந்த பாடசாலைகளிற் பல ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியரும் கொண்டவை. ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துபோனவை. அவை அரசாங்கத்தின் கைக்கு முழுமையாக மாறத் தொடங்கியது 1977க்குப் பிறகுதான். ஆகவே நாவலப்பிட்டி போன்ற நகரத்துக் கல்லூரியின் ஆறாம் வகுப்புக்குள் ஒரு தோட்டப்பிள்ளை நுழைவதே பெரும் பிரயாணத்தின் முடிவு. மன்றத்தில் எழுந்து பேசுவது அதற்கும் மேலான ஓர் ஏற்றம். நகரத்துப் பிள்ளைகளின் பேச்சு வேறு, லயத்துப் பேச்சு வேறு. எழுந்து வாயைத் திறந்த கணத்தில் அது தெரிந்துவிடும். சிரிப்பொலிக்கு அஞ்சியே உட்கார்ந்திருந்தவர் எத்தனையோ பேர்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த கே. இராஜலிங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்கு வாக்களித்தவருள் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டில் பிறந்ததைச் சான்றுகாட்டி நிறுவ இயலாதோர் பிரஜைகளல்லர் என்றாயிற்று. லயத்தில் பிறந்தவன் தந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களிற் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இல்லை. இறுதியாக எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கிய சட்டம் நிறைவேறியது 2003இல்.

இந்த இடைக்காலத்தில் மலைநாட்டுப் பாடசாலைகளின் மன்றங்கள் ஆண்டுதோறும் கூடித் தலைவரையும் காரியதரிசியையும் பொருளாளரையும் தெரிவு செய்துகொண்டேயிருந்தன. பெயர் முன்மொழியப்படும், கைகள் உயரும், ஆசிரியர் எண்ணுவார். உயர்ந்த கைகளுள் தோட்டத்துப் பையனின் கையும் இருந்தது. அவன் தந்தைக்கு நாட்டில் வாக்கில்லை. அவனுக்கு வகுப்பறையில் வாக்கிருந்தது. ஒரு குடும்பம் முழுவதற்கும் அந்த ஒரு வாக்குத்தான் உண்டு என்ற நிலை எத்தனை லயங்களில் இருந்திருக்கும்! அதை யாரும் அன்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். பையன் காரியதரிசியாகிவிட்டான் என்று கேள்விப்பட்ட தாய் மகிழ்ந்திருப்பாள், அவ்வளவே.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. நாவலப்பிட்டிக்கு மேலே, 1892இல் மெதடிஸ்த மிஷனார் நிறுவிய ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில், 1960களில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் முதலிய ஆசிரியர்கள் மாணவரை எழுதவும் பேசவும் தூண்டினர். மலையகம் என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரித்த ஒரு தலைமுறை அவர்கள் கையில் உருவாயிற்று. பின்னாளில் மலையக இலக்கியத்தின் வரலாற்றை எழுதிய சாரல்நாடனும் அக்கல்லூரியின் மாணவரே. பாதையின் கீழ்ப்புறத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' என்னும் கூத்தை அரங்கேற்றினார். நாட்டுப்புறத்தானின் ஆட்டமென்று இகழப்பட்டது கற்றோர் அவையில் ஏறியது. லயத்துப் பேச்சுக்குச் சிரித்தவர்கள் அதையும் கண்டிருப்பார்கள்.

இன்று பாடசாலைகளில் தமிழ்த் தினப் போட்டிகள் நடைபெறுகின்றன. வெற்றி பெற்றோர் வலயம், மாகாணம் எனப் படியேறி அகில இலங்கை அரங்குக்கும் செல்கின்றனர். ஆயின் மணி அடித்தபின் மன்றத்துக்குச் செல்லவேண்டிய கால்கள் தனியார் வகுப்புகளை நோக்கி விரைகின்றன. பேச்சுப் போட்டிக்குரிய பேச்சை ஆசிரியர் எழுதித் தர, பிள்ளை மனனஞ் செய்து ஒப்புவிப்பதும் உண்டு. கடைசி வாங்கிலிருந்து எழுந்து, 'அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது, தலைவர் அவர்களே' என்று சொல்வதற்கு எவரும் எழுதித் தர முடியாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு மாலை வண்டி இன்னமும் அதே கட்டளைதான். சில ஆசிரியர்கள் இதை உணர்ந்து, மன்றக் கூட்டத்தை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று கூட்டம் முடிந்த பிறகே மணி அடிக்கும்.