கை அறிந்ததும் கண் அறிந்ததும்

கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் தடுமாறாமல் போய்ச் சேரும். அதற்கு வழி சொன்னது யார்? இதற்கு இரண்டு நோயாளிகள் ஆளுக்கொரு முனையிலிருந்து பதில் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953-இல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக அறுவை நடந்தது. மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பெரும்பாலும் போயிற்று. அதன்பின் புதிய நிகழ்வு எதுவும் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரத்தைக் கொடுத்து, நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். கையைப் பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரிவதை மட்டுமே பார்க்கலாம். செய்து பார்த்தால் தெரியும்: மூலைக்கு வந்ததும் பென்சில் திருப்பிய பக்கம் போகாது, கை திகைத்து நின்றுவிடும். மொலைசனும் திணறினார். மூன்றாம் நாள் கோடு சீராக வந்தது. ஆனால் முன்பு அதை வரைந்த ஞாபகமே அவருக்கு இல்லை.

கை கற்றுக்கொண்டது என்பது பேச்சு வசதிக்குத்தான். அந்தப் பயிற்சி தங்கியதும் மூளையில்தான், கத்தி படாத வேறு பகுதிகளில்.

பாடநூல்கள் மொலைசனோடு நின்றுவிடும். எனக்கு இயன் வாட்டர்மன்தான் பெரிய ஆசான். பிரிட்டனைச் சேர்ந்தவர், இறைச்சிக்கடையில் வேலை பார்த்தவர். 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வு போனது. கை கால் எங்கே கிடக்கிறது என்ற உணர்வும் போனது. தசை முடக்கம் இல்லை. வலியும் சூடும் தெரிந்தன. மூளையின் கட்டளை தசைக்குப் போனது, பதில்தான் வரவில்லை. உட்காரவும் நிற்கவும் நடக்கவும் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் யோசித்தே மறுபடி பழகினார். விளக்கு அணைந்தால் நிற்க முடியாது.

மொலைசனுக்குத் தேர்ச்சி தங்கியது, கற்ற செய்தி தங்கவில்லை. வாட்டர்மனுக்கோ எல்லாம் செய்தியாகவே நின்றது. நாமெல்லாம் மறந்துபோய் நடக்கிறோமே, அந்த மறதி அவருக்கு வாய்க்கவில்லை.

இங்கேதான் ஒப்பீடு கொஞ்சம் பிசகுகிறது. வாட்டர்மனை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோனதன் கோலும் மொழியியலாளர் டேவிட் மெக்நீலும் அவர் கைகளை அவர் கண்ணுக்கே தெரியாமல் மறைத்தார்கள். பொருளை எடுத்துச் செய்யும் வேலையில் கை தடுமாறியது. ஆனால் பேசச் சொன்னபோது, அந்த மறைப்புக்குள்ளேயே கைகள் பேச்சுக்கு ஏற்ப அசைந்தன, யாரும் பார்த்து நடத்தாமலே.