கிஸ்தி ரசீதிலிருந்து கதவு எண் வரை: விருத்தாசலம் வட்டாரத்தில் வாக்காளர் பதிவின் நூறாண்டு

ஆய்வின் நோக்கம்

விருத்தாசலம் தொகுதி என்றதும் 2006 சட்டமன்றத் தேர்தலே பலருக்கும் நினைவுக்கு வரும். அந்தத் தேர்தலில் தே.மு.தி.க. வென்ற ஒரே இடம் இது; வென்றவர் விஜயகாந்த். தேர்தல் வரலாறு பெரும்பாலும் இப்படி வெற்றி தோல்விகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. வாக்களித்தவர்களின் பெயர் பட்டியலில் எப்படி ஏறியது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. 1920 முதல் 2025 வரை பதிவுமுறை அடுத்தடுத்து மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறது: வரி எவ்வளவு? குடியிருப்பு எங்கே? பழைய பட்டியலில் பெயர் உண்டா? கேள்வி மாறியபோதெல்லாம் பட்டியலில் பெயரைச் சேர்க்கும் பொறுப்பும் அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே கைமாறியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரியே தகுதி: 1920–1946

1919 இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தில் முதல் தேர்தல் 1920 நவம்பரில் நடந்தது. கிராமப்புறத்தில் ஆண்டுக்குப் பத்து ரூபாய் தீர்வைக்குக் குறையாத பட்டா வைத்திருப்பது முக்கியத் தகுதி. நகரத்தில் வீட்டுவரி போன்றவை கணக்கில் கொள்ளப்பட்டன. சுமார் நான்கு கோடிப் பேர் வாழ்ந்த மாகாணத்தில் வாக்காளர்கள் ஏறத்தாழ 12.5 லட்சம் மட்டுமே.

இன்று கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம். இங்கே வாக்காளர் பட்டியல் என்பது ஒருவகையில் கிராமக் கணக்குப்பிள்ளையின் கிஸ்தி (நிலவரி) கணக்கிலிருந்து பிரிந்த கிளைதான். கணக்கில் பெயர் இருந்தவர் வாக்காளர். குத்தகைக்குப் பயிரிட்டவரும், கூலிக்கு உழுதவரும், சக்கரம் சுற்றிப் பானை வனைந்தவரும் அந்த ஏட்டில் இல்லை. பெண்களைத் தடுத்த விதியை நீக்கச் சென்னை சட்டமன்றம் 1921-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் சொத்துத் தகுதி நீடித்ததால், தன் பெயரில் பட்டா இல்லாத பெண்ணுக்கு அதனால் பயனில்லை. 1935 சட்டம் வரி வரம்பைத் தளர்த்தியது. எழுத்தறிவையும், பெண்களுக்குக் கணவரின் தகுதியையும் கணக்கில் சேர்த்தது. அப்போதும் பிரிட்டிஷ் இந்திய மக்கள்தொகையில் சுமார் 14 சதவீதத்தினருக்கே வாக்குரிமை கிடைத்தது.

வீடு தேடி வந்த பட்டியல்: 1948–1952

அரசியலமைப்பு முழுமை பெறும் முன்பே, 1948-இல், வயதுவந்தோர் அனைவரையும் உள்ளடக்கிய வரைவுப் பட்டியல் தயாரிக்கும் பணியை அரசியல் நிர்ணய சபையின் செயலகம் தொடங்கிவைத்தது. வரிக் கணக்கு இதற்கு உதவாது. அலுவலர்கள் வீடு வீடாகச் சென்று 21 வயது நிரம்பியவர்களின் பெயரை எழுத வேண்டியிருந்தது. பட்டியலில் சேர்ப்பது அரசின் கடமை, சேர்வது குடிமகனின் உரிமை என்ற நிலை அப்போதுதான் உருவானது.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் 1950 மார்ச்சில் பொறுப்பேற்றார். முதல் பொதுத்தேர்தலுக்கு நாடு முழுவதும் பதிவானவர்கள் சுமார் 17.3 கோடிப் பேர். ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் சொல்லித் தம் பெயரைச் சொல்லாத பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

விரிந்த பட்டியலின் விளைவு தென்னார்க்காட்டில் உடனே தெரிந்தது. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952-இல் 19 சட்டமன்ற இடங்களை வென்றது. சிறு விவசாயிகளையும் கூலி உழைப்பாளிகளையும் பெருமளவில் நம்பிய ஒரு கட்சி, பத்து ரூபாய்த் தீர்வை தகுதியாக இருந்த காலத்தில் இவ்வளவு இடங்களைப் பெற்றிருக்க முடியாது.

‘வழக்கமாகக் குடியிருப்பவர்’

1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வரியின் இடத்தில் குடியிருப்பை வைத்தது. தொடக்கத்தில் 180 நாள் குடியிருப்பு தேவைப்பட்டது. பின்னர் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கே வழக்கமாகக் குடியிருப்பவர் ஆகிவிடுவதில்லை. தற்காலிகமாக வெளியூர் போவதாலேயே அந்தத் தகுதியை இழப்பதும் இல்லை. சட்டத்தின் 20-ஆம் பிரிவு இவ்விரண்டையும் சொல்கிறது.

இடம்பெயர்வு மிகுந்த இந்த வட்டாரத்தில் அப்பிரிவின் எடை அதிகம். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் கலைந்து வேறிடங்களில் குடியேறின. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு கிடைத்த வெண்களிமண், விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு மூலப்பொருளானது. தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் வளர, ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல்விளக்கு செய்யும் தொழிலாளர்கள் பெருகினார்கள். சூளையில் வேலை குறையும்போது திருப்பூருக்கோ சென்னைக்கோ போய், பொங்கலுக்குத் திரும்புகிறவர் எந்த ஊர் வாக்காளர்? வீடற்றவர் பற்றிய விதிமுறை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அவர் குறிப்பிடும் இடத்தில் உண்மையிலேயே தூங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று பார்க்க வேண்டும். முகவரிச் சான்று கேட்கக் கூடாது.

படிவமும் அட்டையும்

1960 வாக்காளர் பதிவு விதிகள் படிவங்களின் காலத்தைத் தொடங்கின. பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தப் படிவம் 8. அறுபத்தோராம் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே 1989 முதல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் காலத்தில், 1993-இல், புகைப்பட அடையாள அட்டை வந்தது. தமிழகத்தில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டிருந்ததால், பட்டியல் வேலை படிப்படியாக ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் கைக்குப் போனது. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் 18 வயது நிரம்பியதா என்று பார்க்கும் தகுதி நாள்கள்.

இன்றைய பட்டியலின் ஒரு பக்கத்தில் முப்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண், அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். 1920-இல் பெயருக்கு ஆதாரமாக நின்ற தீர்வைத் தொகைக்கு இதில் இடமில்லை. அந்த வேலையை இப்போது வீட்டு எண் செய்கிறது. வசதிக்கேற்ப ஆண்டுக்கு ஆண்டு வாடகை வீடு மாறும் குடும்பம் இந்தக் கட்டத்தில்தான் தடுக்கி விழுகிறது.

பழைய பட்டியலே சான்று: 2025

2025 நவம்பர் 4-இல் தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஒவ்வொரு வாக்காளருக்கும் கணக்கெடுப்புப் படிவம் இரண்டு பிரதிகள் தரப்பட்டன. முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005 பட்டியல்களில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ இருந்த தொகுதி, பாகம் எண், வரிசை எண் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெற்றோரின் பதிவையே நாட வேண்டியிருந்தது. கடலூர் மாவட்டத்தில் இது எளிதாக இல்லை. 2008 மறுவரையறையில் மங்களூர் தொகுதி மறைந்து திட்டக்குடி உருவானது. நெய்வேலி என்ற தொகுதியும் அப்போதுதான் உருவானது. எனவே இன்றைய முகவரியை வைத்துப் பழைய பாகத்தைக் கண்டுபிடிக்கப் பழைய தொகுதி எல்லையும் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம், இரட்டைப் பதிவு மூன்று லட்சத்துக்கு மேல் என்று காரணம் சொல்லப்பட்டது. மீதமுள்ள சுமார் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் குடியுரிமையை ஐயுற்றால் உரிய விசாரணை வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2025-இல் படிவத்தைத் திருப்பித் தராதவர் பெயர் வரைவுக்கே வரவில்லை. சுமை மீண்டும் குடிமகன் தோளுக்கு வந்தது.

முடிவுரை

இறந்தவர் பெயரையும் இரட்டைப் பதிவையும் நீக்காத பட்டியல் தேர்தலையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். ஆகவே திருத்தம் தேவை என்பதில் விவாதமில்லை. ஆனால் இறந்தவர் பட்டியலை விட்டுப் போவதும், இடம் மாறியவர் பட்டியலை விட்டுப் போவதும் ஒன்றல்ல. முன்னவருக்கு வாக்கு இல்லை. பின்னவருக்கு வேறோர் ஊரில் வாக்கு உண்டு. நீக்கும் அலுவலரும் சேர்க்கும் அலுவலரும் வெவ்வேறு தொகுதியில் இருப்பதால், நடுவே விழுபவரைத் தூக்கிவிட யாருக்கும் பொறுப்பில்லை. எனவே ஒரு திருத்தத்தை எத்தனை பெயர்கள் போயின என்பதை மட்டும் வைத்து மதிப்பிடுவது போதாது. இடம் மாறியதாக நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் புதிய முகவரியில் பதிவானார்கள் என்ற கணக்கைத் தொகுதிவாரியாக வெளியிடுவதே 1948-இல் அரசு ஏற்ற கடமையின் இன்றைய வடிவம்.