கூடுதல் பிரீமியத்தின் வரலாறு: நீரிழிவும் ஆயுள் காப்பீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆயுள் காப்பீடு கேட்டுப் போன இந்தியர், உடலில் ஒரு குறையும் இல்லாதவராக இருந்தாலும், நிறுவனத்தின் பார்வையில் நோயாளிக்குச் சமம். 1818-இல் கல்கத்தாவில் தோன்றிய ஓரியண்டல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமும், 1829-இல் சென்னை மாகாணத்தில் வந்த மெட்ராஸ் ஈக்விட்டபிளும் ஐரோப்பியரை மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டவை. பாபு முத்திலால் சீல் போன்றோரின் முயற்சியால் பின்னர் இந்தியரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ‘தரம் குறைந்த உயிர்கள்’ என்று வகைப்படுத்தி, கனமான கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். 1870-இல் பம்பாய் மியூச்சுவல் சங்கம் தோன்றி, இந்தியருக்கும் வழக்கமான விகிதத்திலேயே பாலிசி வழங்கியது. அதற்குள் இந்தியரின் உடல் மாறிவிடவில்லை. கணக்குப் போட்ட கைகள்தான் மாறியிருந்தன.

கூடுதல் பிரீமியத்தில் மெய்யான ஆபத்தும் இருக்கும், காப்பீட்டாளரின் அறியாமையும் இருக்கும். எது எவ்வளவு என்பது வெளியே தெரியாது. நீரிழிவு உள்ளவருக்கு ஆயுள் காப்பீடு கட்டுப்படியாகும் விலைக்கு மெல்ல மெல்ல இறங்கி வந்த வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டனில் 1762-இல் தொடங்கிய ஈக்விட்டபிள் சங்கம் வயதுக்கேற்ற பிரீமியத்தைக் கணக்கிட்டது. விண்ணப்பித்தவர் இயக்குநர்கள் முன் நேரில் வந்து நிற்க வேண்டும். பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரிந்தால் பாலிசி, இல்லையேல் மறுப்பு. இடைவழி திறந்தது 1824-இல். மருத்துவர் ஜார்ஜ் பிங்கார்ட் முன்னின்று தொடங்கிய கிளெரிக்கல் மெடிக்கல் சங்கமும், அதே ஆண்டு வந்த அசைலம் நிறுவனமும், நோயுற்றவரையும் அதிக விலைக்கு ஏற்கத் தலைப்பட்டன. விலை எவ்வளவு என்பதை மருத்துவரின் அனுபவ ஊகம் தீர்மானித்தது.

அந்த ஊகத்தை எண்ணாக்கியவர்கள் நியூயார்க் லைஃப் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநர் ஆஸ்கர் ராஜர்ஸும் காப்பீட்டுக் கணக்கியலாளர் (ஆக்சுவரி) ஆர்தர் ஹன்டரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்த முறை இன்றும் உயிரோடிருக்கிறது. சராசரி மனிதருக்கு 100 புள்ளி. உடல் எடை, பெற்றோரின் ஆயுள், தொழில், நோய் ஒவ்வொன்றுக்கும் கூட்டலோ கழித்தலோ உண்டு. 175 வந்தால், அவரைப் போன்றவர்களிடையே மரணங்கள் எழுபத்தைந்து சதவீதம் கூடுதலாக இருக்கும் என்று பொருள். இந்திய அலுவலகங்களில் ‘ஈ.எம்.ஆர்’ என்று சொல்லப்படும் மிகை இறப்பு மதிப்பீடு இந்த மரபில் வந்ததே.

இந்த முறையில்கூட நீரிழிவுக்கு முதலில் இடமில்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. அந்தக் கடுமையைக் குறை சொல்வதற்கில்லை. இன்சுலினுக்கு முந்தைய காலத்தில் இளவயதில் நீரிழிவு வந்தவர் சில ஆண்டுகள் தாக்குப்பிடிப்பதே அரிது.

1921-இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டறிந்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. ஆனால் மருந்து வந்த அன்றே காப்பீட்டுக் கதவு திறந்துவிடவில்லை. இன்சுலின் எடுத்துக்கொள்பவர் எத்தனை ஆண்டு வாழ்வார் என்பதற்குக் கணக்கு வேண்டுமே! அந்தக் கணக்கைத் தந்தது பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லினின் நோயாளிப் பதிவேடு. மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் புள்ளியியலாளர் லூயி டப்ளினும் அவருடைய சகாக்களும் 1930-களில் அதை ஜோஸ்லினோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். நீரிழிவு மயக்கத்தால் இறப்பது குறைந்து, இதய, இரத்தநாள நோய்களால் இறப்பது கூடியிருந்தது. நோயாளிகள் நீண்ட காலம் வாழத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. காப்பீட்டு மருத்துவத்தின் வரலாற்றில் இன்சுலினுக்கு நிகரான இடத்தை இந்தப் பதிவேட்டுக்கும் தரலாம் என்பது என் கருத்து.

மிஞ்சிய சிக்கல் அளவையைப் பற்றியது. ஒரு நாள் எடுத்த இரத்தமும் சிறுநீரும் அந்த நேரத்து நிலையைத்தான் சொல்லும். ‘மெடிக்கல்’ தேதி தெரிந்ததும் நாலு நாள் வாயைக் கட்டிக்கொண்டு சோதனைக்குப் போவது நம் ஊரில் ஊரறிந்த உத்தி. 1968-இல் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர் நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் கண்ட மாறுதல், பின்னாளில் ‘எச்பிஏ1சி’ சோதனைக்கு வழிவகுத்தது. இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். நாலு நாள் பத்தியம் அதனிடம் செல்லாது. 1993-இல் வெளியான அமெரிக்க டிசிசிடி ஆய்வு, 1,441 பேரைப் பின்தொடர்ந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் பெருமளவு குறையும் என்று நிறுவியது. ‘நோய் இருக்கிறதா’ என்ற கேள்வி ‘எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்று மாற இது வலுச்சேர்த்தது. எச்பிஏ1சி எட்டுக்குக் கீழே இருப்போருக்கென்று தனி டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத வெறும் காப்பு) இன்று இந்தியச் சந்தையிலேயே விற்பனைக்கு வந்திருக்கிறது.

1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, 154 இந்திய நிறுவனங்களும் 16 வெளிநாட்டு நிறுவனங்களும் 75 சேமநலச் சங்கங்களும் எல்.ஐ.சி.க்குள் வந்தன. புதிய நிறுவனம் விலைக்கு அடிப்படையாகக் கொண்டதோ, ஓரியண்டல் கவர்ன்மென்ட் செக்யூரிட்டி நிறுவனத்தின் 1925–35 இறப்பு அனுபவத்தை. நோயற்றவரே பல காலம் பழைய இறப்புக் கணக்குக்குப் பணம் கட்டினார் என்றால், நோயாளியின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. கூடுதல் பிரீமியம், முதல் சில ஆண்டுகளில் காப்புத் தொகையைக் குறைக்கும் ‘லீன்’, சில மாதம் கழித்து வரச் சொல்லும் தள்ளிவைப்பு ஆகியவை அவருக்குக் காத்திருந்தன. 1970–73-க்கான சொந்த அட்டவணையும், பிறகு 1994–96, 2006–08, 2012–14 அட்டவணைகளும் வந்து பொதுவான விலையைச் சீர்படுத்தின.

நீரிழிவு உள்ளவரை எண்டோமென்ட் பாலிசிப் பக்கம் தள்ளிய ஒரு கணக்கு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவரின் மரண ஆபத்துக்கான விலை ஆண்டுக்கு 2,000 ரூபாய், நோயால் அது இரட்டிக்கிறது என்று கொள்வோம். 50,000 ரூபாய் எண்டோமென்ட் பிரீமியத்தில் பெரும்பகுதி சேமிப்பு. ஆகவே கூடுதல் 2,000 ரூபாய் நான்கு சதவீதம்தான். அதே தொகை 2,500 ரூபாய் டேர்ம் பிரீமியத்தில் எண்பது சதவீதம். ஏஜென்ட் ‘கொஞ்சம்தான் ஏறும்’ என்று சொல்வது முதல் பாலிசியை. ஆனால் குடும்பத்துக்குத் தேவையான பெரிய காப்புத் தொகை இரண்டாவதில்தான் கையெட்டும் விலைக்குக் கிடைக்கும்.

கூடுதல் பிரீமியத்துக்கு அஞ்சி நோயை மறைப்பவர் கதை தனி. ‘சுகர்னு எழுதினா இழுத்தடிப்பாங்க, விட்டுடுங்க’ என்ற அறிவுரை பலர் காதில் விழுந்திருக்கும். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு கடந்தபின் மோசடியை நிரூபித்தால் மட்டுமே பாலிசியை ரத்து செய்யலாம் என்றது. 2015 திருத்தம் அந்தக் காலத்தை மூன்று ஆண்டாக்கியது. அது கடந்தால், எந்தக் காரணம் சொல்லியும் நிறுவனம் பாலிசியை ரத்து செய்ய முடியாது. மருத்துவக் காப்பீட்டிலும் மறைத்தல் பற்றிய கோட்பாடு இதற்கு நெருக்கமானது. 2009-இல் ஒரு வழக்கில், நீண்டநாள் நீரிழிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் மறைத்தவரின் கோரிக்கையை நிராகரித்தது சரியே என்றது உச்ச நீதிமன்றம். 2021-இல் நேர்மாறு: நீரிழிவை வெளிப்படையாகச் சொன்னவருக்குப் பாலிசி கொடுத்துவிட்டு, மாரடைப்பு வந்ததும் நிறுவனம் கைவிரிக்க முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நோயை மறைக்காமல் எழுதியவர் பக்கம்தான் சட்டம் சாய்கிறது.

உடல்நிலையைப் பாராமல் விலை வைக்கும் வழியும் உண்டு. 2015-இல் வந்த பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை சேரலாம். மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பு. கோடிக்கணக்கானவர்மீது ஆபத்து பரவுவதால் இது கட்டுப்படியாகிறது. ஆனால் கடனும் படிப்புச் செலவும் உள்ள குடும்பத்துக்கு 2 லட்சம் எந்த மூலைக்கு? பெரிய காப்பு தேடித் தனியே பாலிசி எடுப்பவருக்கு ஒரு சிறு ஆறுதல்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பிரீமியத்தின் 18 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியதில், கூடுதல் பிரீமியத்தின் மேல் விழுந்த வரியும் போனது.

நீரிழிவை ஆராய்வது நமக்குப் புதிதன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கியது 1948-இல். சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் கணக்கிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தின் ஆயுளைத் தனியே அளப்பது கணக்கியலுக்கு அரிய செயலன்று. ஆனாலும் 2012–14 அட்டவணை வயதைத்தான் அறியும், நோயை அறியாது. 2017-இன் எச்.ஐ.வி. சட்டமோ, கணக்கியல் ஆய்வின் ஆதாரமின்றிக் காப்பீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்நோயுள்ளவருக்கு உறுதியளித்தது. ஆதாரம் காட்டும் சுமையை நிறுவனத்தின் மேல் ஏற்றும் அப்படியொரு வாசகம், சர்க்கரை நோயாளிக்கென்று எந்தச் சட்டத்திலும் இன்னும் எழுதப்படவில்லை.