மனநோய்க்கு ரண சிகிச்சை

கால் எலும்பு முறிந்தால் எக்ஸ்-ரே படத்தில் பார்த்துவிடலாம். தீராத துயரத்தையும் காரணமற்ற அச்சத்தையும் எந்தப் படத்தில் காண்பது? மனநோயில், கோளாறு இருக்கும் இடம் இதுதான் என்று விரலால் சுட்டிக்காட்டுவது இன்றும் அரிது. அப்படியிருந்தும், மூளையை அறுத்து மனநோயைத் தீர்க்கலாம் என்று ஒரு காலத்தில் வைத்தியர்கள் நம்பினார்கள். நம்பியதோடு நில்லாமல் பல்லாயிரம் பேரின் மூளையில் கத்தியும் வைத்தார்கள். அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று.

இம்முறையைத் தொடங்கியவர் போர்த்துக்கல் நாட்டு நரம்பியல் அறிஞர் எகாஸ் மோனிஸ். அரசியலிலும் ஈடுபட்டவர், முதல் உலகப் போருக்குப் பின் பாரிஸில் கூடிய சமாதான மாநாட்டுக்குத் தம் நாட்டுத் தூதுக்குழுவை நடத்திச் சென்றவர். மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்-ரே படத்தில் காணும் வழியை 1927இல் கண்டறிந்தவரும் அவரே. 1935ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் நரம்பியல் அறிஞர்களின் மாநாடு கூடியது. அதில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஃபுல்டனும் ஜேக்கப்சனும் இரண்டு சிம்பன்சிக் குரங்குகளைப் பற்றிப் பேசினார்கள். அவற்றுள் ஒன்றான பெக்கி, சோதனையில் தவறினால் கோபங்கொண்டு உருண்டு புரளும். மூளையின் முன்பகுதியை நீக்கிய பின், தவறினாலும் அது கலங்கவில்லை. மோனிஸ் அம்மாநாட்டில் இருந்தார்.

மூன்று மாதங்கள்தாம் கழிந்தன. நவம்பர் 12ஆம் நாள் லிஸ்பன் நகரில் மனிதர் ஒருவருக்கு முதல் சிகிச்சை நடந்தது. மோனிஸின் கைகள் கீல்வாதத்தால் முடங்கியிருந்தமையால், அல்மெய்டா லிமா என்ற இளைய ரண வைத்தியர் மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் முன்பகுதியிலுள்ள நரம்பிழைகளுக்குள் ஆல்கஹாலைச் செலுத்தினார். நிலைத்துப் போன எண்ணங்கள் நிலைத்துப் போன நரம்பு இணைப்புகளில் வாழ்கின்றன. இணைப்பைத் துண்டித்தால் எண்ணமும் கலையும் என்பது மோனிஸின் கொள்கை. கொள்கை அழகாகத்தான் இருந்தது, ஆதாரம் இல்லை. 20 பேருக்குச் செய்து 1936இல் கணக்கு வெளியிட்டார்: 7 பேர் குணமடைந்தனர், 7 பேர் தேறினர், 6 பேரிடம் மாறுதல் இல்லை. கணக்கெடுத்தவர் சிகிச்சை செய்தவரேதான்! நோயாளிகளைக் கவனித்த காலமோ சில வாரங்கள். அவருக்கு நோயாளிகளை அனுப்பிய மனநோய் மருத்துவமனையின் தலைவர் சொப்ரால் சித், திரும்பி வந்தவர்கள் தம் இயல்பில் குன்றிப் போயிருப்பதைக் கண்டு, இனி யாரையும் அனுப்ப மறுத்தார். அவர் குரல் லிஸ்பனைத் தாண்டவில்லை.

மோனிஸின் குரல் தாண்டியது. அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் அமெரிக்காவின் மனநோய் விடுதிகளில் மட்டும் 4 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர். நோயைத் தணிக்கும் மருந்து கிடையாது. கையறு நிலையிலிருந்த வைத்தியருக்கு ஏதேனும் ஒன்று செய்ய முடிகிறது என்பதே பெரும் ஆறுதலாயிற்று.

1936ஆம் ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டனில் வால்ட்டர் ஃப்ரீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் முதல் சிகிச்சையைச் செய்தார்கள். நோயாளி கான்சாஸைச் சேர்ந்த 63 வயது அம்மையார். கவலையாலும் உறக்கமின்மையாலும் வருந்தியவர். தலைமுடியை மழிப்பார்கள் என்று தெரிந்ததும், சிகிச்சையே வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். சுருள்முடியைக் காப்பாற்றித் தருவதாக ஃப்ரீமன் வாக்களித்தார். வாக்குக் காப்பாற்றப்படவில்லை. மயக்கம் தெளிந்த அம்மையாருக்கு அச்சம் தணிந்திருந்தது. முடியைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை. வைத்தியர்கள் இதை வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். சற்றே நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. வேண்டாம் என்று சொன்ன மனம், சிகிச்சைக்குப் பின் அந்த மறுப்பையே பொருட்படுத்தாத மனமாகிவிட்டது. வாக்குத் தவறியதை யார் யாரிடம் முறையிடுவது?

1941இல், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு இதே இருவர் சிகிச்சை செய்தனர். வயது 23. ஒப்புதல் அளித்தவர் தந்தை, தாய்க்குக்கூடத் தெரியாது. தெளிவாகப் பேசவும் நடக்கவும் இயலாதவரானார் ரோஸ்மேரி. 2005 வரை பிறர் பராமரிப்பிலேயே வாழ்ந்தார். 1946 முதல் ஃப்ரீமன், மண்டையைத் துளைக்காமல், கண்குழியின் மேற்புறமாகக் கூரிய ஊசியைச் செலுத்தத் தொடங்கினார். சில நிமிட வேலை. அவர் ரண சிகிச்சையில் பயிற்சி பெற்றவரே அல்லர்! வாட்ஸ் இதை எதிர்த்து விலகினார்.

1949இல் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் 5,000 பேருக்கு மேல் இச்சிகிச்சைக்கு உள்ளாயினர். சோவியத் நாடு 1950இல் இதைத் தடை செய்தது. மற்ற இடங்களில் இதைத் தளர்த்தியது மனச்சாட்சியைவிட ஒரு மருந்துதான் என்பேன்: 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசினை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். ஃப்ரீமன் மட்டும் 1967 வரை விடவில்லை.

மூளையில் ரண சிகிச்சை அத்தோடு மறைந்துவிடவில்லை. அறுப்பதற்குப் பதில், மெல்லிய மின்கம்பிகளைப் பதித்துச் சிறு மின்சாரம் பாய்ச்சும் முறை வந்திருக்கிறது. வேண்டாமெனில் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளலாம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோய்க்கு ரண சிகிச்சை செய்ய நோயாளியே விவரமறிந்து ஒப்புதல் தரவேண்டும். மனநல வாரியமும் அனுமதிக்கவேண்டும். தந்தையின் கையெழுத்து மட்டும் போதாது.

கணக்கெடுக்கும் முறையும் மாறிவிட்டது. கொடிய மனச்சோர்வுடைய 90 பேருக்கு அமெரிக்காவில் இக்கம்பிகளைப் பதித்துச் செய்த சோதனையின் முடிவு 2017இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்கள் 60 பேருக்கே மின்சாரம் செலுத்தப்பட்டது. 30 பேருக்கு இல்லை. யாருக்கு எது என்று நோயாளியும் அறியார், மதிப்பிட்டவரும் அறியார். 60 பேரில் 12 பேர் தேறினர்; மின்சாரமே பெறாத 30 பேரில் 5 பேர் தேறினர். பெரிய வேறுபாடில்லை என்று சோதனை நிறுத்தப்பட்டது. பின்னர் எல்லோருக்கும் மின்சாரம் செலுத்தப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்துப் பார்க்கையில், தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தேறியிருந்தார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மின்சாரம் பெறாதவர் அப்போது யாரும் எஞ்சியிருக்கவில்லை. ஆகவே, அந்த நலத்தை மின்கம்பியின் கணக்கில் எழுதுவதா, காலத்தின் கணக்கில் எழுதுவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.