வளர்ச்சி ஹார்மோன் ஆய்வில் மரபணு மாற்றச் சுண்டெலிகள்

வளர்ச்சி ஹார்மோன் ஒவ்வொரு திசுவிலும் என்ன செய்கிறது என்பதைப் பிரித்தறிய உருவாக்கப்பட்ட ஆய்வுக்கூட விலங்குகள். பிட்யூட்டரி சுரப்பியில் ஊறும் இந்த ஹார்மோன் எலும்பு, தசை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றில் ஒருசேரச் செயல்படுவதால், மனித உடலில் அவ்விளைவுகளைத் தனித்தனியே காண்பது கடினம்.

தோற்றம்: 1982-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் ரிச்சர்ட் பால்மிட்டர், ரால்ஃப் பிரின்ஸ்டர் குழுவினர் எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலிக் கருமுட்டையில் செலுத்தினர். பிறந்த குட்டிகளுள் சில, உடன்பிறந்தவற்றைவிட மிகப் பெரிதாக வளர்ந்தன. இவ்வாறு ஹார்மோன் மிகுந்த சுண்டெலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பும் சிறுநீரகச் சிதைவும் ஏற்படுகின்றன, ஆயுளும் குறைகிறது.

ஏற்பி நீக்கம்: ஹார்மோன் திசுவில் செயல்பட, அங்குள்ள ஏற்பியுடன் இணைய வேண்டும். 1997-இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் ஜான் கோப்சிக் குழு அந்த ஏற்பி இல்லாத சுண்டெலியை உருவாக்கியது. மனிதரில் இதே குறைபாட்டை 1966-இல் விவரித்த ஸ்வி லாரனின் பெயரால் அது 'லாரன் சுண்டெலி' எனப்படுகிறது. உருவில் சிறியது, கொழுப்பு மிகுந்தது, ஆயினும் இன்சுலினுக்கு நன்கு இசைவது, நெடுநாள் வாழ்வது. இவ்வகைச் சுண்டெலி ஒன்று 1,819 நாள் வாழ்ந்தது.

திசுவாரியான ஆய்வு: கிரே-லாக்ஸ்பி முறையில் ஒரு மரபணுவைக் குறிப்பிட்ட திசுவில் மட்டும் நீக்கலாம். வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் கல்லீரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1) வழியாகவே உடல் வளர்கிறது என்பது நெடுநாள் கருத்து. 1999-இல் கல்லீரலில் மட்டும் ஐஜிஎஃப்-1 மரபணு நீக்கப்பட்டபோது, இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தும் சுண்டெலிகள் இயல்பாகவே வளர்ந்தன. பிற திசுக்களில் உண்டாகும் ஐஜிஎஃப்-1-இன் பங்கு இதனால் தெளிவானது. கல்லீரலில் வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியை நீக்கியபோதோ, அங்கு கொழுப்பு படிந்தது. வளர்ச்சியும் வளர்சிதை மாற்றமும் ஒரே ஹார்மோனின் வெவ்வேறு பணிகள் என்பதை இவ்வாய்வுகள் நிறுவின.

மருத்துவப் பயன்: கோப்சிக் குழு ஹார்மோன் மூலக்கூறில் மாற்றம் செய்து சுண்டெலிகளில் சோதித்தபோது, அவை பெரிதாகாமல் குள்ளமாயின. மாற்றிய மூலக்கூறு ஏற்பியின் செயலைத் தடுப்பது தெரியவந்தது. இக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த பெக்விசோமன்ட் என்ற மருந்து, கைகால்களும் முகமும் பெரிதாகும் அக்ரோமெகலி நோய்க்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சிங்கப்பூரில் விதிமுறை: ஆய்வக விலங்குகளுக்கான சட்ட விதிகளும் தேசிய வழிகாட்டி நெறிகளும் 2004-இல் வந்தன. ஜூரோங் வட்டாரத்திலுள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உட்பட எந்த ஆய்வு நிலையமும் விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதலின்றி இத்தகைய ஆய்வைத் தொடங்க இயலாது. மாற்று வழியிருந்தால் விலங்கைத் தவிர்ப்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, துன்பத்தைத் தணிப்பது ஆகிய மூன்றும் அந்நெறிகளின் அடிப்படை.